கொடுவாவின் கடைவாய்

ஃபினாயில் போட்டுத் துடைத்த தரை
காயும்வரை
கொடுவா என் தோளில்தான்.
இறக்கிவிட்டால் நடக்கும்,
நடந்தால் பாதம் நக்கும்.

பீரோவிலிருந்த பாச்சா உருண்டைகளை
அன்றைக்கே எறிந்தாயிற்று.
காய்ச்சல் மாத்திரை அட்டை
மாதா படத்துக்குப் பின்னால்.
பக்கத்துப் போர்ஷன் ஸ்டெல்லா
தன் பூனை அனத்துகிறதென்று
இரக்கப்பட்டுக் கொடுத்தது
பாதி வில்லைதான்.
அந்தப் பால்கிண்ணத்தை
இன்னும் கழுவவில்லை அவள்.

ராத்திரி,
காசிமேட்டு ஐஸ் லாரிகள் போனபின்
விரலில் ஈரத்துணி சுற்றி
கொடுவாவின் வாயைத் திறக்கிறேன்.
சிவந்த ஈறு. மஞ்சள் காரை.
கவிச்சி எங்கள் தெருவுக்கே உள்ளது,
அதற்கடியில் வேறொரு நாற்றம்.

கடிக்கிறது.
துணியை மாற்றிச் சுற்றுகிறேன்.

என் சொத்தைப் பல்லுக்கு
ஸ்டான்லியில் சீட்டு வாங்க
மூன்று மாதமாய் நேரமில்லை.