படம் எண் 163

இறந்துபோனவர் இருநூற்றுப் பதினொரு படத்துக்கு
இசையமைத்தார் என்று செய்தியில் சொன்னார்கள்.
என் நோட்டில் இருநூற்றுப் பதினாறு.
ஐந்து படம் வெளிவரவே இல்லை.
பாட்டு மட்டும் கப்பலேறி வந்தது
பத்தாங் பெர்ஜுந்தைக்கு,
என் புருஷனின் ரெக்கார்டிங் கடைக்கு.

அறுபது நிமிஷக் கேசட்டு மூன்று வெள்ளி ஐம்பது.
முதுகில் பெயர் எழுதுவது என் வேலை.
மணவாளதாசன். ஏழு எழுத்து, ஊதா மை.
அவர் கையெழுத்தைவிட
என் கையெழுத்தில்தான்
அந்தப் பெயர் அதிகம் இருந்திருக்கும்.

முதல் படத்தில் வயலின்கள் ஓயாமல் அழுதன.
நான்காவதில் தவில்:
சம்பளம் போட்ட சனிக்கிழமை
லயத்துக்கு லயம் அதுதான்.
பிறகு யாரோ அவருக்கு டிரம் மெஷின் வாங்கிக் கொடுத்தார்கள்.
இரண்டு வருஷம் எல்லாப் பாட்டும்
ரப்பர் ஷீட் உருளையில் போகிற மாதிரியே இருந்தது.
சாமி படம் பதினெட்டு.
கன்னடத்தில் முப்பது, ஒரு சொல் புரியாது, எழுதினேன்.
ஊறுகாய் விளம்பரம் ஒன்று, அதை எண்ணவில்லை.
கடைசிக் காலத்தில் எண் கணிதம் பார்த்து
மணவாளதாஸ் என்று சுருக்கிக்கொண்டார்.
நான் சுருக்கவில்லை.
எங்கள் ஊருக்கும்தான் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றினார்கள்,
கரண்ட் பில் மட்டும் அந்தப் பெயருக்கு வருகிறது.

தொண்ணூற்று ஒன்றில்
கோலாலம்பூர்க் கச்சேரி முடித்து
தெலுக் இந்தான் போகிற வழியில்
அவர் வேன் எங்கள் ஊரில் நின்றுவிட்டது.
விடியற்காலை நாலரை.
மெக்கானிக் ஆ லோயை எழுப்பப் போயிருந்தார்கள்.
சால்வையைத் தலையில் சுற்றிக்கொண்டு
அஞ்சடியில் நடந்தார், சாத்திய கடைகளின் முன்னால், தனியாக.
கண்ணாடிக்குள்ளிருந்து பார்த்தேன்.
தலை வாரவில்லை என்று கதவைத் திறக்கவில்லை.
இன்றைக்கும் அதற்காக என்னைத் திட்டிக்கொள்கிறேன்.

ஐந்து மணிக்குப் பெரட்டுச் சங்கு.
எங்கள் பாக்டரிச் சங்குக்கு ஒரு பழக்கம்:
ஏறும், நடுவில் இடறும்,
இருமும்,
மறுபடி ஏறும்.
அவர் நடையை நிறுத்தினார்.
விரல்கள் தொடையில் எதையோ எண்ணின.

மறுவருஷம் வந்த வீடியோ.
கொலைகாரன் கிணற்றடியில் வந்து நிற்கிறான்.
வயலின் இல்லை, தவில் இல்லை, மெஷினும் இல்லை.
ஏறுகிறது, இடறுகிறது,
இருமுகிறது.
"எல்லா ஊர்ச் சங்கும் அப்படித்தான்" என்றார் என் புருஷன்.
ரீவைண்ட் பண்ணி, சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.
பக்கத்து வீட்டு லூர்தம்மா
அடுப்பை அப்படியே விட்டு ஓடிவந்தாள்:
"ஷிப்டை மாத்திட்டாங்களா?"

அன்று ராத்திரி நோட்டில் எழுதினேன்.
படம் 163. பாட்டு ஆறு. விற்றது நாற்பது.
சங்கு வாசித்தவர்: சவரிநாயகம், பாய்லர் வேலை,
லூர்தம்மா புருஷன், நாள் சம்பளம் பதினான்கு வெள்ளி.
பாக்கி.

164. சாமி படம். எட்டுப் பாட்டு.
மூன்று கேசட்டு இன்னும் இழுப்பறையில் கிடக்கிறது.