நூற்றாண்டு மலர், பக்கத்துக்கு நாற்பது ரூபாய்

கூலி பேசி முடித்ததும்
பீரோச் சாவியைக் கையில் கொடுத்துவிட்டார்கள்.
வடகரை கிளப்பின் நூறு வருஷம்,
கரையான் தின்றது போக
பதினோரு நோட்டுகள்.

முதல் நோட்டு முழுக்க துரைமார் கையெழுத்து.
சோடாவில் காற்றில்லை.
ஆட்டுக்கறி ரப்பர்.
எதிர்சேவைக் கொட்டுச் சத்தத்தில்
ராத்திரி பிரிட்ஜ் ஆட்டம் கெட்டது,
கலெக்டருக்கு எழுதவும்.
அடியில் யாரோ பென்சிலில்:
கலெக்டர் வாசலில்தான் நிற்கிறார்,
அழகரைப் பார்க்க.

நாற்பத்தேழு ஆகஸ்ட் பதினைந்தைத் தேடினேன்.
பில்லியர்ட்ஸ் மேஜைத் துணியில் கிழிசல்
இரண்டு அங்குலம்.
அவ்வளவுதான்.

மதுவிலக்கு வந்த வாரம்
மெம்பர்கள் அறுபத்திரண்டு பேருக்கும்
ஒருசேர நெஞ்சுவலி.
பெர்மிட்டுக்குச் சீட்டெழுதிய டாக்டர் ஞானாதிக்கம்
தனக்கும் ஒன்று எழுதிக்கொண்டார்.
ஆக, அறுபத்து மூவர்.

ஆறாம் நோட்டில் ஒரு பெயர்
மூன்று தடவை வருகிறது.
கே.ஆர். நன்னுசாமி, சாய வியாபாரம்.
ஐம்பத்தொன்றில் கறுப்பு உருண்டை நான்கு.
ஐம்பத்து மூன்றில் ஏழு.
ஐம்பத்தெட்டில் எண்ணவில்லை,
'வழக்கம் போல்' என்றிருக்கிறது.
ஒரு கறுப்பு விழுந்தாலே ஆள் வெளியே என்பது விதி.
மற்றதெல்லாம் ஆசைக்குப் போட்டது.

மார்க்கர் சந்தியாகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு
நாற்காலி நாற்காலியாகப் போவாராம்.
முழங்கை வரை உள்ளே விட்டுப் போட வேண்டும்,
யார் எதைப் போட்டார் என்று தெரியாது.
சந்தியாகுக்குச் சத்தத்திலேயே தெரியும்.

இன்றைய செயலாளர் போனில் சொன்னார்:
"அதெல்லாம் எதுக்கு சார்?
எல்லாச் சமூகத்தையும் அரவணைச்ச கிளப்புன்னு
ஒரு வரி போட்டுருங்க."
இழுத்து அரைப் பக்கமாகப் போட்டுவிட்டேன்.
இருபது ரூபாய்.

ரசீதுக் கட்டை அவிழ்த்தது நேற்றுதான்.
ஐம்பது, மார்ச்:
கடம்பக்கட்டை உருண்டை நூறு, கடைசல் கூலி தனி.
அதில் ஐம்பதுக்குக் கறுப்புச் சாயம் ஏற்றியது
ரூபாய் மூன்று, அணா எட்டு.
பெற்றுக்கொண்டேன்,
கே.ஆர். நன்னுசாமி,
விளக்குத்தூண் அருகில்.

பெட்டி இன்னும் பீரோ மேல்தட்டில் இருக்கிறது.
வெள்ளைகள் மஞ்சளாகி
பொரிந்து உதிர்கின்றன.
கறுப்பில் ஒன்றை எடுத்து
எச்சில் தொட்டுக்
கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தேன்.
வேட்டி ஓரத்திலும் தேய்த்துப் பார்த்தேன்.

நல்ல சாயம்.