ராக்கியப்பனும் பிறரும்

பதவி உயர்வுப் படிவம், ஒன்பதாம் பத்தி:
'வெளியான ஆய்வுக்கட்டுரைகள், கால வரிசையில்.'
பீளமேட்டில் மணி பதினொன்று.
கரண்ட் போய் வந்ததில்
இன்குபேட்டர் ஒருமுறை கத்திவிட்டு அடங்கியது.
முப்பத்தேழு டிகிரி, நம் உடம்புச் சூடு.
உள்ளே செல்கள் தூங்கவில்லை.
நானும்தான்.

தேடினால் நான் மூன்று பேர்.

ஆர். கோகிலவாணி: நான்கு கட்டுரை.
கோகிலவாணி மோகனசுந்தரம்: ஒன்றே ஒன்று,
கல்யாணமான வருஷம் பாஸ்போர்ட்டைப் பார்த்து நிரப்பியது.
மீதி ஆறும்
கே. ராக்கியப்பன்.

குடும்பப்பெயர் கட்டாயம் என்றது பத்திரிகை.
எங்களுக்கு அப்படி ஒன்று கிடையாது என்று எழுதிப் பார்த்தேன்.
கட்டத்தின் ஓரத்துச் சிவப்பு நட்சத்திரம் நகரவில்லை.
அப்பன் பேரைப் போட்டதும்
வழி விட்டது.

அன்றிலிருந்து
கணபதியில் மோட்டாருக்குக் காயில் கட்டும் ராக்கியப்பன்
தொப்புள்கொடிக் குருத்தணுக்களில் வல்லுநர்.
ஒசாகாவில் ஒருவர் அவரை மறுக்கிறார்.
லிஸ்பனில் ஒருத்தி
'ராக்கியப்பன் முறைப்படி' செல்களைப் பிரித்தெடுக்கிறாள்.
இருநூற்றுப் பன்னிரண்டு மேற்கோள்கள்.

சொன்னபோது
வார்னிஷ் கையைத் துணியில் துடைத்தபடி கேட்டார்:
"காசு ஏதாச்சும் தருவாங்களா கண்ணு?"
"இல்லீங்கப்பா, நாமதான் கட்டோணும். ஒண்ணே முக்கால் லட்சம்."
"எம்பேரப் போடவா?"
அப்புறம் அரை நாள் பேச்சில்லை.

பட்டியலில் வராதவை:
ஆடியில் கணவாய்க் காற்று ஜன்னல் இடுக்கில் நுழைந்து
பதினாறு தட்டிலும் பூஞ்சை பிடித்த வருஷம்.
நியூசிலாந்திலிருந்து பனிக்கட்டியில் கிளம்பி
சுங்க அலுவலகத்தில் ஒன்பது நாள் கிடந்து
வெந்நீராய் வந்து சேர்ந்த கன்றுச் சீரம்.
மேற்பார்வையாளர் பேர் கடைசியில் வரவேண்டும் என்பதற்காக
நடுவில் போன தம்பி ஒருவனின் பேர்.

இரண்டாயிரத்துப் பதினான்கில்
பெருந்துறைப் பிரசவ வார்டு வாசலில்
ஐஸ் பெட்டியோடு நின்றேன்.
ஒப்புதல் தாளில்
வலி வருவதற்குள் எழுத்துக் கூட்டிக் கையெழுத்திட்டவள்
ஒன்றுதான் கேட்டாள்:
"இதக் குடுத்தா புள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுங்களே?"
கொடியை வாங்கி நாலு மணி நேரத்துக்குள் திரும்ப வேண்டும்.
விஜயமங்கலம் டோல்கேட்டில் லாரி வரிசை.
ஹார்னை விடாமல் அடித்தேன்,
மடியில் பெட்டி சில்லென்று.

கொடை எண் பதினேழு.
மற்றவை மூன்றாம் முறை பிரிக்கும்போதே செத்தன.
அவளுடையது மட்டும் பெருகிக்கொண்டே போனது.
ராக்கியப்பனின் ஆறு கட்டுரையும் அதில்தான் நிற்கிறது.
அவள் பேரை எங்கேயும் எழுதக் கூடாது. விதி.
எனக்கு ஞாபகம் இருக்கிறது. எழுதவில்லை.

இன்றிரவு வரிசைப்படுத்த உட்கார்ந்தவள்
சும்மா திறந்தேன் அவரது மூன்றாவதை.
படம் நான்கு.
கீழ்ப்பட்டையும் மேல்பட்டையும் ஒன்றே,
இடம் வலமாய்த் திருப்பி.
நான்தான் ஒட்டியிருக்கிறேன்.
திருட்டு இல்லை. தூக்கம்.
ஆனால் படத்தில் தூக்கம் தெரியாதே.
ஒன்பது வருஷமாய் ஒருவரும் பார்க்கவில்லை,
ஒசாகாக்காரர்கூட.
படிவம் கேட்பது எண்ணிக்கையை மட்டும்.

பழைய வன்தட்டில் மூலப் படத்தைத் தேடி எடுக்க
ஒன்றரை ஆனது.
முடிவு மாறவில்லை, பட்டைதான் தப்பு.
ஆசிரியர் குழுவுக்கு எழுதினேன். அச்சில் இப்படி வரும்:
'படம் நான்கில் நேர்ந்த பிழைக்கு
ராக்கியப்பன் வருந்துகிறார்.'

காலையில் சொன்னால் என்ன கேட்பார் என்று தெரியும்:
"தப்புப் பண்ணது நீயி, வருந்தறது நானா?"

ஆறு மணிக்குப் பதினேழுக்குத் தீனி மாற்ற வேண்டும்.
அந்தப் பிள்ளைக்குப் பத்து வயசு இருக்கும் இப்போது.
எந்த ஊர்ப் பள்ளியிலோ
நோட்டு அட்டையில் பேர் எழுதி
முன்னால் ஒற்றை எழுத்தைப் போட்டு
புள்ளி வைத்துக்கொண்டிருக்கும்.