வாசித்துக் காட்டியதற்குச் சான்று

தாரியன் கரை. நடுச்சாமம்.
ஊருக்கு அரைக் காதம் இப்பாலேயே நின்றுவிட்டோம்.
நான் பந்தம் பிடிக்க, படைத்தலைவர் உரக்க வாசித்தார்:
கடவுள் உலகைப் பேதுருவிடம் ஒப்படைத்தார்.
பேதுருவின் நாற்காலியில் இருப்பவர்
இந்தப் பக்கத்தை எங்கள் அரசருக்குத் தந்தார்.
கடலில் ஒரு கோடு.
கோட்டுக்கு அப்பால் போர்த்துகல்காரனுக்கு.

அண்ணன் தம்பிக்குப் பாகம் பிரித்தாயிற்று.
வீட்டில் குடியிருப்பவர்களுக்குத்தான் சொல்லி அனுப்பவில்லை.

நான் த்ரிஸ்தான், பத்திர எழுத்தன்.
கை பழக்கத்தில் ஓடியது:
ஜல தரு பாஷாண நிதி நிட்சேபங்கள் சகிதம்.
மேற்கெல்லை, தெரியாது.
தெற்கெல்லை, தெரியாது.
வில்லங்கம் ஏதுமில்லை.
கேட்டவர்கள் என்ற இடத்தில் பேனா நின்றது.
எதிரே இலவ மரங்கள், தவளைகள்,
மை மீது வந்து விழுந்த ஈசல்.
'இத்தேசத்தார்' என்று எழுதினேன்.

அப்போதுதான் அவள் வந்தாள்,
இடுப்பில் சுரைக்குடுவை,
தூக்கம் கலைந்த கண்.
எங்களை ஒவ்வொருவராய் எண்ணுவதுபோல் பார்த்தாள்.
குடுவையை என்னிடம் நீட்டி
ஏதோ கேட்டாள். ஒன்பது அசை.
மொழிபெயர்ப்பாளன் படகில் வாந்தியெடுத்துக்கொண்டிருந்தான்.
தண்ணீர் குளிர்ந்திருந்தது.

விடியலில் நடந்தது வேறு ஏட்டில் இருக்கிறது.
அது என் கையெழுத்து அல்ல.
இதையும் எத்தனை முறைதான் சொல்வது.

பத்து வருடம் கழித்து எல்லை ஆற்றுப் பாலத்தில்
இரு நாட்டு வக்கீல்களும் பூகோள உருண்டையை
ஆளுக்கொரு பக்கமாய்த் திருப்பினார்கள்.
கோட்டை எந்தத் தீவிலிருந்து அளப்பது என்று
மூன்று வாரம் வழக்கு; மதியம் ஆட்டுக்கறி.
என்னைக் கூப்பிட்டு ஒரே கேள்வி:
முதலில் வாசித்தது யார்?
நாங்கள், என்றேன்.
இரண்டு வெள்ளிக்காசு படி கொடுத்தார்கள்.

செவில் துறைமுகத்தில் உப்புமீன் மூட்டை சுமக்கிறான் ஒருவன்.
அந்தக் கரையில் பிறந்தவன்.
கோஸ்மே என்று ஞானஸ்நானப் பெயர்;
முந்தைய பெயரைக் கேட்டால் மூட்டையை மாற்றித் தோளில் வைப்பான்.
படிக்காசு இரண்டையும் அவன் கையில் வைத்து
அந்த ஒன்பது அசையைச் சொன்னேன்.
என் உச்சரிப்புக்கு முதலில் சிரித்தான்.
திரும்பச் சொல்லச் சொன்னான்.
பிறகு மூட்டையை இறக்கிவைத்தான்.

'இந்த இருட்டில் கத்திக் கூப்பிடுகிறீர்களே,
உங்களில் யார் காணாமல் போனது?'