சட்டியின் தனித்தொடர்

ஞாயிறு ராத்திரி ஒன்பதரைக்கு
மசூதின் செல்போன் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
நாங்கள் நாலு பேர் விண்வெளிக்குப் போவோம்.
திசையன்விளை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கம்.
ஆவுடையப்பன் முறுக்கு கொண்டுவருவான்.
ஹெப்சிபா பரீட்சைத் தாள் கட்டோடு வருவாள்.
நான் மின்வாரியம். கரண்ட் போனால்
மூன்று பேரும் என்னைத்தான் ஏசுவார்கள்.

தம்மாமிலிருந்து மசூதின் மச்சான் கொடுத்தனுப்பிய ஹார்ட் டிஸ்கில்
எழுபத்தெட்டு பாகமும் இருந்தன.
கூடவே நாங்கள் கேள்வியே படாத ஒன்று:
சட்டிக்கு மட்டும் தனித்தொடர், பதின்மூன்று பாகம்.
சட்டி என்றால் கப்பலில் வேலை பார்க்கும் எந்திரம்.
தலை அப்படி. நிஜப் பெயர் இப்போது தெரிந்துவிட்டது,
யாரும் சொல்வதில்லை.

எண்பத்தேழில் இது கடல் தாண்டி வந்தது.
இலங்கை அலைவரிசை. காற்று அசையாமல்
சட்டை முதுகில் ஒட்டுகிற ராத்திரிகளில்தான்
உவரியில் படம் நிற்கும்.
ஆங்கிலத்தில் பேசுவார்கள், அடியில் சிங்களம் ஓடும்.
எங்களுக்கு ரெண்டுமே கிடையாது.
மசூதின் வாப்பாவுக்குக் கொழும்பில் கடை.
‘அந்த உருண்டை எழுத்தெல்லாம் எனக்குத்
தண்ணி பட்ட பாடுல’ என்று
வரிக்கு வரி வாசித்துச் சொன்னான்:
கேப்டன் என்ன சொல்லுதாருன்னா,
கப்பலைத் திருப்பியாச்சு,
அடுத்த வாரம் ஊருக்கு வந்துரும்.

அடுத்த வாரமும் கேப்டன் அதையேதான் சொன்னார்.
நடுவில் விண்கல் அடித்தது. எரிபொருள் தீர்ந்தது.
ஒரு கிரகத்தில் பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டார்கள்.
நாங்கள் தேரிக்காட்டுச் செம்மணலில்
இறங்குதளம் வெட்டி, சுற்றிப் பனைமட்டை நட்டு வைத்தோம்.

இப்போது கப்பலைத் தொங்கவிட்ட நூல் தெரிகிறது.
‘அப்ப நூலே கிடையாது’ என்கிறான் ஆவுடையப்பன்.
மகேந்திரகிரியில் ராக்கெட் என்ஜினுக்கு
நட்டு எண்ணிக் கொடுக்கிறவன்,
எதிர்த்துப் பேச முடியாது.
நூல் இருந்தது. எங்கள் டிவியின் புள்ளிமழை மூடியிருந்தது.
அந்தப் புள்ளிகளில் பாதியை
நட்சத்திரம் என்று எண்ணியிருக்கிறோம்.

முதல் பாகம், பதினோராம் நிமிடம்
கேப்டன் ஒரு தாளில் கையெழுத்துப் போடுகிறார்.
திரும்ப வழி கிடையாது என்று தெரிந்துதான் ஏறுகிறார்.
யாரும் கட்டாயப்படுத்தவில்லை.
எழுபத்தெட்டு பாகத்தில் ஒருதரம்கூட
அந்தக் கப்பல் இந்தப் பக்கம் திரும்பவில்லை.

ஹெப்சிபா சிவப்புப் பேனாவை மூடினாள்.
‘மசூது, உனக்கு ஒரு எழுத்தாவது தெரியுமால?’
அவன் யாருடைய போனுக்கோ
திருகாணி மாட்டிக்கொண்டிருந்தான்.
‘போர்டு மட்டும் படிப்பேன்.
வாப்பா கடை போட்டோ ஒண்ணு இருந்துச்சு.’

அதற்கு மேல் ஒருத்தரும் கேட்கவில்லை.
முறுக்கு நமத்துப்போயிருந்தது, தின்றோம்.

போன ஞாயிறு சட்டியின் தொடரைப் போட்டோம்.
எவனோ ஜெர்மன் பாஷையில் மாற்றி விற்ற பிரதி போல.
அடியில் எழுத்தும் இல்லை.
சட்டி தன்னந்தனியாக ஏதோ ஒரு பாறைமேல் நிற்கிறது,
கரகரவென்று பேசுகிறது.
அஞ்சு நிமிஷம் பொறுத்தோம்.
பிறகு மூணு தலையும் ஒரே பக்கம் திரும்பின.

‘எனக்கென்னல தெரியும்’ என்றான் மசூது.
‘அப்ப மட்டும் தெரிஞ்சுதா? சொல்லு.’

கண்ணாடியைச் சட்டையில் துடைத்தான்.
நான் சத்தத்தைக் குறைத்தேன்.

‘சட்டி என்ன சொல்லுதுன்னா...
கப்பல் இனி வராதுன்னு அதுக்குத் தெரியும்.
போன வாரமே தெரியும். ஆனாலும்,
அந்தா பாரு, கையில வச்சிருக்குல்லா,
அந்த ஆன்டெனாவத் திருப்பிக்கிட்டே இருக்கு.
பாறைக்கு வாடகை பாக்கி வேற.’

‘ஏல, அது ஆன்டெனா இல்ல,
கரண்டி’ என்றான் ஆவுடையப்பன்.

‘நீ பேசாம இரு’ என்றாள் ஹெப்சிபா.