இரவுப் பதிவேடு

இருட்டில தண்ணி வாசிக்கத் தெரிஞ்சவன் எண்டுதான்
என்னை வேலைக்கு எடுத்தவை.
மாதம் முடியச் சம்பளம், ஒரு ரோச் லைட், ஒரு பேனை,
கோடு போட்ட பதிவேடு.
நேரம். பெயர். நோக்கம்.
பண்ணையை நெருங்கிற எந்த வள்ளத்தையும் எழுத வேணும்.

நாலு காலில கடலுக்குள்ள நிக்குது காவற்கொட்டில்.
கீழ, வலை வேலிக்குள்ள,
அட்டையள் மண்ணைத் திண்டு மண்ணைக் கழிக்குது.
அதுகளில எனக்குக் கோவம் இல்லை.
கேட்டா வந்ததுகள்?

தாங்குகோல் சேத்தில இறங்கிற சத்தத்தில
ஆள் ஆரெண்டு சொல்லுவன்.
ரண்டு குத்து, ஒரு இழுவை: சந்தியோகு.
குத்தினாப்பிறகு இருமல்: மடுத்தீன்.
சத்தமே இல்லாட்டி என்ர மச்சாள் பெலிசித்தா,
நண்டு வலையோட.
புருசன் போனாப்பிறகு வள்ளம் அவளின்ர கையில.
அவளை நான் இதுவரை எழுதேல்லை.

இந்த இடத்துக்கு எங்கட ஆக்கள் சொல்லுறது ஓடைவாய்.
குருநகர்க் கரையில நிண்டு பார்த்தால் ஒண்டும் விளங்காது,
எல்லாம் ஒரே தண்ணிதான்.
களங்கண்டித் தடி இங்க ஒருநாளும் நட்டதில்லை.
பாடு பிரிக்கிற கூட்டத்தில
சண்டை பிடிச்சு மண்டை உடைஞ்ச வருசத்திலகூட
ஓடைவாயை ஒருத்தரும் கேட்டதில்லை.
இறால் இறங்கிறதும் திரளி ஏறுறதும் இதாலதான்.
போறது போனால்தான் வாறது வரும்.
சட்டமெண்டு ஆரும் எழுதி வைக்கேல்லை,
சும்மா விட்டு வைச்சிருந்தம்.

அளக்க வந்தவர் நல்ல மனுசன்.
கையில ஒரு டப்லெட்,
அலைக்கு ரண்டு தரம் சத்தி எடுத்தவர்.
வாயைத் துடைச்சுக்கொண்டு கேட்டார்,
"இதில ஆற்றை தடி நிக்குது?"
ஒருத்தற்றையும் இல்லை எண்டம்.
உண்மையைத்தான் சொன்னம்.
திரையில அந்த இடம் வெள்ளையாய் விழுந்தது.
வெள்ளையாய் இருந்ததெண்டுதான் குடுத்தவை.

எத்தினை கை
எடுக்காமல் இருந்து, எடுக்காமல் இருந்து
அந்த வெறுமையைச் செய்ததெண்டு
எந்தப் பெட்டியில புள்ளடி போட்டுக் காட்டுறது?

நேற்று வாடை திரும்பினது.
வேலியின்ர மேற்கு மூலையில ஒரு சத்தம்.
கோல் இல்லை, எஞ்சினும் இல்லை.
ஆரோ சுளகில அரிசி புடைக்கிறமாதிரி.
ரோச் அடிச்சன்.
திரளி.
வலையில மூக்கை வைச்சு, பின்வாங்கி,
திரும்பவும் அதே கண்ணில மூக்கை வைச்சு.
வழி மறந்து வந்ததுகள் இல்லை.
மறக்காததால வந்து மாட்டினதுகள்.

வெட்டியிருக்கலாம்.
கத்தி இடுப்பிலதான் இருந்தது.
மூத்தவளின்ர ரியூசன் காசு,
சங்கத்தில எடுத்த எஞ்சின் கடன்,
பல்லுக் கட்டாத அம்மா,
எல்லாரும் வந்து
கத்திக்கும் கைக்கும் நடுவில குந்தியிருந்தினம்.
பதிவேட்டை விரிச்சன்.

நேரம்: ரண்டு நாற்பது.
பெயர்: திரளி. எண்ண ஏலேல்லை.
நோக்கம்: போறது.

விடிய மனேஜர் வந்தார்.
தேத்தண்ணியைக் குடிச்சபடி
பக்கத்தின்ர அடியில கையெழுத்து வைச்சார்.
வாசிக்கேல்லை.

இண்டைக்கு இரவும் எழுதுவன்,
இறால் வந்தால் இறால், ஒட்டி வந்தால் ஒட்டி.
ஒவ்வொரு பக்கத்திலயும்
ஒரு வரி மட்டும் சும்மா விட்டிருக்கிறன்.
அது பெலிசித்தாவின்ர.
கேட்டால், ஒருத்தரும் இல்லை எண்டு சொல்லுவன்.