முன் வில்

வெள்ளவத்தையிலிருந்து தெமட்டகொடைக்குப்
பதினேழு 'ம்'.
எண்ணிக்கொண்டுதான் ஓட்டினேன்.

பக்கத்து இருக்கையில் யசிதரன்.
முள்ளந்தண்டில் நாலுக்கும் ஐந்துக்கும் நடுவே
தட்டு விலகி எட்டு மாதம்.
குழி வந்தால் 'ம்'.
ரயில் கடவை வந்தால் இரண்டு,
தண்டவாளத்துக்கு ஒன்று வீதம்.
அதற்கு முன்பும் அவர் பேச்சு அவ்வளவுதான்.
அந்த நாட்களில் 'ம்' என்றால்
சரி என்று அர்த்தம்.

ஜீப் என்னுடையது.
எண்பத்தெட்டில் ஜப்பானில் பிறந்த குட்டி.
நில அளவைக்குப் போகிறவள் நான்,
சேற்றில் ஏறினால் போதும்,
சொகுசு கேட்டதில்லை.
முன்னுக்கு ஐந்து பட்டை வில்.
வில் என்று பெயர்தான்.
வளைவெல்லாம் போய்
அதுவும் நாரி பிடித்துக் கிடந்தது.

பஞ்சிகாவத்தை.
கழற்றிய கதவுகளை அடுக்கிய சந்து.
முஃபாரிஸ் படுத்துக்கொண்டு உள்ளே போனான்.
கால் மட்டும் வெளியே.
கால்தான் பேசியது:
"இது வில்லில்ல மெடம், தண்டவாளம்."

மூன்று பட்டை போதுமாம்.
பட்டை குறைந்தால் வளையும்,
வளைந்தால் தாங்கும்.
நுனிகள் உரசாமல் நைலோன் வட்டு.
நீளமான ஷொக், புது புஷ், புது யூ போல்ட்.
விலை கேட்டேன்.
மறுபடியும் கேட்டேன்.
பிளேன்ரீ வந்தது.

பழைய போல்ட் ஒன்று அசைய மறுத்தது.
எண்ணெய் விட்டான், நெருப்புக் காட்டினான்,
ஸ்பானரில் மூன்றடிக் குழாய் செருகித் தொங்கினான்,
சிங்களத்தில் ஒன்று சொன்னான், தமிழில் ஒன்று,
இரண்டும் எழுத்தில் வராதவை.
கடைசியில் வெட்டினான்.

புது வில் ஏறியதும்
வண்டி மூக்கைத் தூக்கியது,
இரண்டங்குலம்.
பேஸ்லைன் வீதியில் அறுபதைத் தொட்டேன்.
ஸ்டியரிங்குக்குக் குளிர்காய்ச்சல் கண்டது,
முன்சில்லு இரண்டும்
இல்லை இல்லை என்று தலையாட்டின.
திரும்பி வந்தேன்.

"ஆப்பு வைக்கணும் மெடம்."
மெய்யாகவே ஆப்பு.
ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்த இரும்பு,
அச்சுக்கும் வில்லுக்கும் நடுவே.
நாலு பாகைச் சாய்வு.
எனக்கு இதுவரை வைத்த ஆப்புகளில்
ஒன்றும் ஒன்றையும் நேராக்கியதில்லை.
இது நேராக்கியது.

மறுநாள் கிளினிக்.
வாசலில் நின்று யசிதரன்
ஜீப்பைப் பார்த்தார்,
இருக்கையைப் பார்த்தார்,
என்னைப் பார்த்தார்.
எட்டு மாதமாய்த் தூக்காத காலுக்கு
இரண்டங்குலம் எவ்வளவு உயரம் என்று
நில அளவைக்காரி அளக்கவில்லை.

காவலாளி சுமனபாலவின்
சிவப்புப் பிளாஸ்டிக் ஸ்டூல் வந்தது.
ஏறினார். ஸ்டூலும் பின்னால் ஏறியது.
இப்போது அதுவும் உதிரிப்பாகம்.
சுமனபாலவுக்கு வேறு வாங்கிக் கொடுத்தேன்,
நீலம்தான் கிடைத்தது.

நாரஹேன்பிட்டி கடவை.
வண்டி குனிந்து நிமிர்ந்தது.
காது கொடுத்தேன்.
இல்லை.
அடுத்த குழி. இல்லை.
வேண்டுமென்றே ஒன்றில் இறக்கினேன்,
மன்னிக்கட்டும்.
அதிலும் இல்லை.
நித்திரையோ என்று திரும்பினேன்.
ஜன்னலால் விடுப்புப் பார்த்துக்கொண்டிருந்தார்.
பதினேழும் இறங்கிப்போன வண்டிக்குள்
என்ன கதைப்பதென்று தெரியவில்லை எனக்கு.
பெற்றோல் விலையைச் சொன்னேன்.

வரும்போது இருட்டு, கரண்டும் இல்லை.
எங்கள் ஒழுங்கையில் திருப்பினேன்.
மூக்குத் தூக்கிய வண்டியின் விளக்கு
தெருவை விட்டுவிட்டு
மாமரத்தில் போய் விழுந்தது.
உறங்கிய காகங்கள், ஒரு நாற்பது இருக்கும்,
விடிந்ததென்று கரைந்தன.
மூன்றாம் மாடியில் யாரோ
ஜன்னலைத் திறந்து ஏசினார்கள்.

"லைற்றைக் கீழ இறக்கவேணும்,"
என்றார் யசிதரன்.
"பின்னுக்கு ஒரு திருகு இருக்கும்.
நாளைக்கு அந்த ஸ்டூலைப் போட்டு இருந்து
நானே திருப்புறன்.
நீர் சுவரில கோடு கீறும்."

எட்டு மாதத்தில்
நாரியைப் பற்றி இல்லாத பேச்சு.

'ம்' என்றேன்.

காகங்கள் அடங்க
இன்னும் நேரம் எடுத்தது.